அச்சின் பிழையும் காசின் காயமும்

1955ஆம் ஆண்டு. அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் சிகரெட் விற்கும் இயந்திரங்கள் 25 சென்ட் காசு ஒன்றைத்தான் வாங்கிக்கொள்ளும். பெட்டியின் விலையோ 23 சென்ட். பாக்கி இரண்டு சென்டைத் திருப்பித் தர இயந்திரத்துக்கு வழியில்லை. அதனால் விற்பனையாளர்கள் இரண்டு ஒரு சென்ட் காசுகளைப் பெட்டியைச் சுற்றியிருக்கும் கண்ணாடித்தாளுக்குள் முன்கூட்டியே செருகி வைத்துவிடுவார்கள். அப்படி வந்த செப்புக் காசுகள் சிலவற்றில் ஆண்டும் எழுத்துகளும் இரண்டிரண்டாகத் தெரிந்தன. காசில் இருக்கும் லிங்கனின் தலைக்கு மேலுள்ள வாசகம், அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும் 'லிபர்டி' என்ற சொல், 1955 என்ற எண் எல்லாமே ஒன்றையொன்று ஒட்டி இரட்டையாக நின்றன. பார்த்தவர்கள் தங்கள் கண்மீதே சந்தேகப்பட்டிருப்பார்கள்.

அந்தக் காசுகள் பிலடெல்பியா நாணயச்சாலையில் ஓர் இரவுப் பணிநேரத்தில் அடிக்கப்பட்டவை. பல இயந்திரங்கள் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றில் மட்டும் பழுதான அச்சு பொருத்தப்பட்டிருந்தது. ஆய்வாளர் கவனித்து அதை நிறுத்துவதற்குள், 20,000 முதல் 24,000 வரையிலான பிழைக் காசுகள் மற்ற இயந்திரங்களின் காசுகளோடு கலந்துவிட்டன. கலந்த குவியலில் ஏறக்குறைய ஒரு கோடிக் காசுகள். இத்தனையையும் உருக்குவதா, போகட்டும் என்று விடுவதா? விட்டுவிட்டார்கள். அந்த முடிவுதான் பிழைக் காசுச் சேகரிப்பு என்ற தனித் துறையை ஊரறியச் செய்தது. அதற்கு முன்பும் பிழைக் காசுகளைச் சேர்த்தவர்கள் உண்டு. ஆனால் கௌரவமான சேகரிப்பாளர்கள் அவற்றைக் கழிவு என்று ஒதுக்கிவந்தார்கள். 1955க்குப் பிறகு நிலைமை மாறியது. பிழைக்கு விலை வந்தது. விலை வந்ததும் போலியும் வந்தது. அதோடு, அடிபட்ட காசையெல்லாம் பிழைக் காசு என்று நம்பும் பழக்கமும் வந்தது.

இந்த மூன்றையும் பிரித்தறிய வழி ஒன்றுதான்: காசு எப்படி உருவாகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு காசின் கோளாறு உற்பத்தியின் எந்தக் கட்டத்தில் நேர்ந்திருக்க முடியும் என்று சொல்ல முடிந்தால் அது பிழை. எந்தக் கட்டத்திலும் நேர்ந்திருக்க முடியாது என்றால் அது சேதம், அல்லது மோசடி.

'பிழை' என்ற எண்ணமே இயந்திரத்தோடு வந்ததுதான். கையால் காசடித்த காலத்தில் எந்த இரண்டு காசும் ஒன்றுபோல இருந்ததில்லை. கீழ் அச்சின்மேல் வில்லையை வைத்து, மேல் அச்சைப் பிடித்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தால், உருவம் ஒரு பக்கம் ஒதுங்கும். எழுத்து பாதி வெளியே போகும். சோழர்களின் செப்புக் காசுகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். நிற்கும் அரசனின் தலை ஒரு காசில் இருக்கும், இன்னொன்றில் கால் இருக்கும். அதைக் காட்டி 'மையம் விலகிய அரிய பிழைக் காசு' என்று யாராவது கூடுதல் விலை சொன்னால் நம்ப வேண்டாம். கை அடியில் அது இயல்பு.

எல்லாக் காசும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், பர்மிங்காமில் மேத்யூ போல்ட்டன் நடத்திய சோஹோ நாணயச்சாலையில் உறுதிப்பட்டது. நீராவியால் ஓடும் அச்சு இயந்திரங்கள்; அடி விழும்போது உலோகம் பக்கவாட்டில் பிதுங்காமல் பிடித்துக்கொள்ளும் வளையம். இந்த இரண்டும் சேர்ந்ததும் காசு அச்சுவார்த்தது போல வட்டமாக வந்தது. தமிழ்நாட்டுக்கும் அந்தச் சாலைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. மதராஸ் மாகாணத்துக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி 1803இலும் 1808இலும் பத்துக் காசு, இருபது காசு செப்பு நாணயங்களை அங்கேதான் அடிக்க வைத்தது. ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்து. முன்பு புழங்கிய கையடிக் காசுகளோடு வைத்துப் பார்த்தால், அவற்றின் சீர்மை மக்களுக்குப் புதிதாகத்தான் இருந்திருக்கும்.

1808ஆம் ஆண்டுக் காசுகளுக்கு ஒரு தனிக் கதை இருக்கிறது. பீப்பாய் பீப்பாயாக அவற்றை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட 'அட்மிரல் கார்டனர்' என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரையோரம் குட்வின் மணல்திட்டில் புயலில் சிக்கி மூழ்கியது. மதராஸுக்கு வந்து சேர வேண்டிய காசு ஏறக்குறைய 175 ஆண்டுகள் கடலடியில் கிடந்து, 1980களில் லட்சக்கணக்கில் மேலே வந்தது. பீப்பாய்க்குள் நெருக்கமாக அடைந்து கிடந்தவை எழுத்து கெடாமல் வந்தன. உப்புநீரும் மணலும் தொட்டவை அரித்து, தோலுரிந்து, விளிம்பு கரைந்து வந்தன. இவற்றில் ஒன்றைக் கதை தெரியாதவரிடம் கொடுத்தால், மெல்லிய தகட்டில் தவறாக அடித்தது என்று நினைக்கக்கூடும். ஆனால் அது நாணயச்சாலையின் பிழை ஆகாது. கடல் தின்றது அது.

காசு உருவாவதில் மூன்று கட்டங்கள் உண்டு: வில்லை, அச்சு, அடி. அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் எந்தப் பிழையையும் இந்த மூன்றில் ஒன்றின்கீழ்தான் கொண்டுவருவார்கள்.

முதலில் வில்லை. பிஸ்கட் மாவை விரித்து வட்ட வட்டமாக வெட்டுவது போல, உலோகத் தகட்டிலிருந்து வில்லைகளை வெட்டுகிறார்கள். தகடு சரியாக நகராவிட்டால், முன்பு வெட்டிய ஓட்டையின்மேலேயே வெட்டுக்கத்தி மறுபடி இறங்கும். கிடைப்பது பிறை வடிவில் ஒரு கடி குறைந்த வில்லை. இதைப் போலியாகச் செய்வது சுலபம், அரம் போதும். ஆனால் உண்மையான கடிக்கு ஒரு சாட்சி உண்டு. வெட்டிய வில்லையை அடிப்பதற்கு முன் ஓர் இயந்திரம் சுற்றிலும் நெருக்கி அதன் விளிம்பை உயர்த்தும். கடி இருக்கும் இடத்தில் நெருக்க எதுவும் இல்லாததால், அதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலும் அழுத்தம் குறைந்து விளிம்பு சரியாக எழாது. அமெரிக்காவில் இதற்கு 'பிளேக்ஸ்லி விளைவு' என்று பெயர். பிற்பாடு அரத்தால் வெட்டிய காசில் எதிர்ப்பக்க விளிம்பு முழுசாக நிற்கும். இந்த அடையாளம் எல்லா உண்மைக் காசிலும் ஒரே அளவில் தெரியாது என்றாலும், அது பளிச்சென்று இருந்தால் நம்பலாம்.

வில்லை மாறிப்போவதும் இந்தக் கட்டத்தில்தான். போருக்குச் செம்பு தேவைப்பட்டதால், 1943இல் அமெரிக்கா ஒரு சென்ட் காசைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தது. அந்த ஆண்டு மட்டும் நூறு கோடிக்கும் மேல். ஆனால் முந்தைய ஆண்டின் வெண்கல வில்லைகள் சில, சாலையின் தொட்டிகளில் எங்கோ ஒட்டிக்கொண்டிருந்து 1943 அச்சின்கீழ் போய்விட்டன. இப்படி வந்த காசுகளில் சில டஜன்கூட இன்று அறியப்படவில்லை. அப்படி எதையும் அடிக்கவில்லை என்றே அமெரிக்கக் கருவூலம் நெடுங்காலம் சொல்லிவந்தது. ஒன்றைக் கொண்டுவந்தால் ஹென்றி ஃபோர்டு புதுக் கார் தருவார் என்று ஒரு வதந்தி வேறு பரவியது. ஃபோர்டு நிறுவனம் அதை மறுத்தது. டென்வர் நாணயச்சாலையில் அடித்த ஒரே ஒரு வெண்கலக் காசு 2010இல் 17 லட்சம் டாலருக்குக் கைமாறியது.

இந்தப் பணத்தைக் குறிவைத்து இரண்டு வகை மோசடிகள் பிறந்தன. எஃகுக் காசுக்குச் செப்பு முலாம் பூசுவது ஒன்று. காந்தத்தை அருகே கொண்டுபோனால் குட்டு உடைந்துவிடும். தராசிலும் தெரியும், எஃகுக் காசு 2.7 கிராம், வெண்கலக் காசு 3.11 கிராம். இரண்டாவது கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. 1948ஆம் ஆண்டு வெண்கலக் காசில் 8இன் இடப்பக்கத்தைச் சுரண்டி 3 ஆக்கிவிடுவார்கள். எடை சரியாக இருக்கும், காந்தமும் ஒட்டாது. ஆனால் உண்மையான 1943இல் 3இன் வால் மற்ற எண்களுக்குக் கீழே நீண்டு இறங்கும். 8ஐ வெட்டிச் செய்த 3க்கு அந்த வால் வராது.

அச்சில் நேரும் கோளாறுகள்தான் இந்தத் துறையின் உயிர். 1955 காசு இந்த வகை. அன்றைய முறையில், மூல முத்திரையை ஓர் எஃகுத் துண்டின்மேல் ஒருமுறைக்கு மேல் அழுத்தித்தான் ஓர் அச்சைத் தயாரிப்பார்கள். முதல் அழுத்தத்தில் எஃகு இறுகிவிடும். அதைச் சூளையில் இளக்கி எடுத்து மறுபடி அழுத்த வேண்டும். இரண்டாம் முறை வைக்கும்போது கொஞ்சம் திரும்பிவிட்டால், அச்சிலேயே இரட்டை உருவம் பதிந்துவிடும். மையத்தைச் சுற்றித் திரும்புவதால் விளிம்பருகே விலகல் அதிகம், நடுவில் குறைவு. 1955 காசில் ஆண்டும் வாசகமும் பளிச்சென்று இரட்டிப்பதும் லிங்கனின் முகம் ஒற்றையாகவே தெரிவதும் இதனால்தான். பின்பக்கத்துக்கு வேறு அச்சு. அது குறையற்றது, ஆகவே பின்பக்கத்தில் இரட்டிப்பே இல்லை.

இத்தகைய இரட்டிப்பில் இரண்டு உருவங்களும் ஒரே உயரத்தில், உருண்டையாக நிற்கும். எழுத்தின் முனைகளில் இரண்டும் பிரியும் இடத்தில் சின்னப் பிளவு தெரியும். இன்று பிழைக் காசு என்று காட்டப்படுபவற்றில் பெரும்பாலானவை வேறு வகை. அடி விழுந்த கணத்தில் தளர்ந்த அச்சு நடுங்கினால், எழுத்தின் ஓரம் வழித்து நசுங்கி, தட்டையான படி போலத் தாழ்ந்து கிடக்கும். எழுத்து தடிக்காது, மெலியும். அதற்குக் கூடுதல் விலை கிடையாது. அச்சு தேய்ந்து பழசானாலும் எழுத்துகள் வீங்கி இரட்டை போலத் தெரியும். அதே 1955இல் கடைசி 5 மட்டும் அப்படி வீங்கிய காசுகள் ஏராளம். 'ஏழையின் இரட்டை அச்சு' என்று பெயர் வைத்துச் சில்லறை விலைக்கு விற்றார்கள். உண்மையான 1955 காசையே அச்சுப் போட்டுப் போலி செய்தவர்களும் உண்டு. அதற்கு ஒரு சோதனை இருக்கிறது: பின்பக்கத்தில் 'சென்ட்' என்ற சொல்லின் கடைசி எழுத்தான 'டி'க்கு இடப்பக்கம், அச்சைத் தேய்த்தபோது விழுந்த இரண்டு மெல்லிய செங்குத்துக் கோடுகள் தெரிய வேண்டும். ஒரே அச்சில் பிறந்தவை என்பதால் எல்லாக் காசும் அந்தக் கோடுகளைச் சுமக்கின்றன.

1937இல் டென்வரில் நடந்தது இதைவிடச் சுவையானது. இரண்டு அச்சுகளுக்கும் நடுவே வில்லை வராமல் போனால் அச்சும் அச்சும் மோதி ஒன்றின் தடம் மற்றொன்றில் விழும். அந்தத் தடத்தை நீக்க ஒரு தொழிலாளி ஐந்து சென்ட் காசின் அச்சைச் சாணை பிடித்தார். கொஞ்சம் அதிகமாகவே பிடித்துவிட்டார். அதில் இருந்த காட்டெருமையின் முன்னங்கால் ஒன்றுக்கான பள்ளம் ஆழம் குறைந்தது. காசில் அந்தக் கால் மறைந்தது. குளம்பு மட்டும் தரையில் நிற்க, மூன்று கால் எருமை வெளியே போனது. சாதாரண 1937 காசில் காலைச் சுரண்டி எடுத்து இதைச் செய்துவிடலாம் என்று பலர் முயன்றார்கள். ஆனால் அசலில் சாணை பட்டதால் பின்னங்காலும் அரித்தது போல மெலிந்திருக்கும். வயிற்றுக்குக் கீழே தரை வரைக்கும் மேடான புள்ளிகள் வரிசையாக இறங்கும். சுரண்டியவர் உலோகத்தைக் குறைக்க முடியும்; புள்ளிகளை எழுப்ப முடியாது.

இங்கேதான் எல்லாச் சோதனைக்கும் அடிப்படை இருக்கிறது. அச்சில் பள்ளமாக இருப்பது காசில் மேடாக வரும். அச்சு விரிசல் விட்டால் காசில் மேடான கோடு. அச்சின் ஓரம் உடைந்தால் காசில் மேடான கட்டி. காசின் மேல் பள்ளமாக ஓடும் கோடு பெரும்பாலும் கீறல்தான். விதிவிலக்கு உண்டு: அடி விழும்போது நூலோ கம்பியோ மசகோ நடுவில் மாட்டினால் காசில் பள்ளம் விழும், எழுத்து மங்கும். மசகு அடைத்து எழுத்து காணாமல் போன காசுகள் உண்மையான பிழைகளே. ஆனால் மிகச் சாதாரணமானவை. 'எழுத்து இல்லாத அபூர்வக் காசு' என்று விலை பேசப்படுபவற்றில் பல இந்த ரகம்.

அடியில் நேரும் பிழைகளில் மிகப் பழையது ரோமானியர் காலத்திலேயே உண்டு. அடித்த காசு அச்சைவிட்டு விழாமல் ஒட்டிக்கொள்ளும். அவசரத்தில் தொழிலாளி அடுத்த வில்லையை வைத்து அடித்துவிடுவார். ஒட்டிய காசே அச்சாகி, புது வில்லையில் அதே தலையைக் குழிவாகவும் இடவலம் மாறியும் பதிக்கும். ரோமக் குடியரசின் வெள்ளிக் காசுகளில் இது நிறைய. இன்றைய இயந்திரங்களிலும் நேர்கிறது. வீட்டுப் பட்டறையில் இரண்டு காசுகளைப் பிடிப்பானில் வைத்து நெருக்கியும் இதைப் போலச் செய்கிறார்கள். வேறுபாட்டைக் காண வேண்டிய இடம் ஒன்றே: உண்மையான பிழையில் குழிவு உருவம் வெறும் வில்லையின்மேல் விழுந்தது, அதனடியில் வேறெதுவும் இராது. பட்டறைப் போலியில், முன்பே இருந்த உருவம் நசுங்கி அடியில் தெரியும்.

இரண்டு வேறு காசுகளின் அச்சுகள் தவறாக ஜோடி சேர்வதும் உண்டு. பிரிட்டனில் 2008இல் இருபது பென்ஸ் காசுக்குப் புது வடிவம் வந்தது. ஆண்டு பின்பக்கத்திலிருந்து அரசி பக்கத்துக்கு இடம் மாறியது. புதிய பின்பக்க அச்சோடு பழைய அரசி அச்சைப் பூட்டிவிட்டார்கள். இரண்டு பக்கத்திலும் ஆண்டு இல்லாத காசு புழக்கத்துக்கு வந்தது. 2000இல் அமெரிக்காவில் வாஷிங்டன் தலையும் ஒரு டாலரின் கழுகும் சேர்ந்த காசு ஆர்கன்சாஸில் ஒருவர் கையில் கிடைத்தது: ஒரு பக்கம் 'கால் டாலர்', மறுபக்கம் 'ஒரு டாலர்'. இரண்டு பக்கமும் தலை இருக்கும் காசு கிடைத்துவிட்டதாக மகிழ்பவர்களுக்கோ பெரும்பாலும் ஏமாற்றம்தான். அது மாயவித்தைக்காரர்களுக்காகக் கடைந்து செய்தது. விளிம்பின் உட்புறம் லென்ஸ் வைத்துப் பார்த்தால் பொருத்திய கோடு தெரியும், தட்டினால் ஒலியும் மந்தமாக இருக்கும்.

சேதம் என்பது இத்தனைக்கும் வெளியே, உலகத்தில் நடப்பது. துணி உலர்த்தும் இயந்திரத்துக்குள் மாட்டிய காசு மாதக்கணக்கில் உருண்டு விளிம்பு உள்நோக்கி மடிந்து, ஓரத்து எழுத்தை விழுங்கியிருக்கும். மோதிரம் செய்ய விரும்பியவர்கள் வெள்ளிக் காசின் விளிம்பைக் கரண்டியால் நாள்கணக்கில் தட்டியிருப்பார்கள். அமிலத்தில் கிடந்த காசு எல்லாப் பக்கமும் ஒரே சீராக மெலிந்து மங்கியிருக்கும். தண்டவாளத்தில் வைத்த காசை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சேதமெல்லாம் மதிப்பற்றது என்று சொல்லிவிடவும் முடியாது. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கருக்காகுறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசனின் தலைக்குக் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு இருக்கிறது. ரோமில் அந்தக் கோளாறு நேர்ந்திருக்காது. அவ்வளவு காசுகளில் ஒரே இடத்தில், ஒரே நோக்கத்தோடு, வேறொருவர் கை வெட்டியது. பொன் உள்ளேயும் பொன்தானா என்று சோதித்தார்கள் என்பர் சிலர். புழக்கத்திலிருந்து நீக்கி வெறும் பொன்னாக்கினார்கள் என்பர் வேறு சிலர். எதுவாயினும், அந்த வெட்டு ரோமின் காசு தமிழகத்தில் என்னவானது என்பதற்குச் சான்று. பிழைக் காசு நாணயச்சாலையின் வரலாற்றைச் சொல்கிறது என்றால், இந்தக் காயம் காசு கடந்துவந்த சந்தையின் வரலாற்றைச் சொல்கிறது. இரண்டையும் குழப்பினால் இரண்டு வரலாறும் தொலையும்.

பிழையும் இல்லாமல் சேதமும் இல்லாமல் சந்தேகத்துக்கு ஆளான காசும் தமிழ்நாட்டில் உண்டு. பத்து ரூபாய்க் காசில் ரூபாய்ச் சின்னம் இல்லை, கோடுகளின் எண்ணிக்கை வேறு என்று சொல்லிக் கடைகளிலும் பேருந்துகளிலும் வாங்க மறுத்த காலம் நினைவிருக்கும். அதுவரை வெளியான 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் விளக்க வேண்டியதாயிற்று. அவை வெவ்வேறு காலத்து வடிவங்கள், அவ்வளவே.

வித்தியாசமான காசு ஒன்று கைக்கு வந்தால், புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்க்க வேண்டாம். தேய்த்த காசின் மேற்பரப்பு திரும்பாது, சேகரிப்பாளர் விலை தரமாட்டார். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு காந்தம், நூறில் ஒரு கிராம் காட்டும் சின்னத் தராசு, ஒப்பிட அதே ஆண்டின் சாதாரணக் காசு ஒன்று: தொடங்குவதற்கு இவை போதும். பழைய காசுக்கு லட்சங்கள் தருவதாகச் சொல்லி, ரிசர்வ் வங்கியின் பெயரைக் காட்டி, கமிஷன் என்றும் வரி என்றும் முன்பணம் கேட்கும் கும்பல்களைப் பற்றி அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. வங்கி அப்படிப்பட்ட வாங்கல் விற்றலில் ஈடுபடுவதில்லை, எந்தக் கட்டணமும் கேட்பதில்லை. அப்படிக் கேட்பவருக்கு ஒரு பைசாவும் அனுப்பாதீர்கள்.